வான்கோழி ரெக்கை முனைய தூக்கிப் போடாதீங்க

கேள்வி: ஐயா, கறிக்காக வான்கோழி வளர்க்கிறோம். வெட்டும்போது ரெக்கை முனை எல்லாம் குப்பைக்குத்தான் போகுது. அமெரிக்காவுல அந்தக் காலத்துல அத வீட்டு வேலைக்கு வச்சிருந்தாங்களாமே, நிஜமா? எப்படி பதப்படுத்துறது?

பதில்: நிஜம்தான் தம்பி. அங்க பழைய பண்ணை வீடுகள்ல கணப்பு அடுப்பு பக்கத்துல காய்ஞ்ச வான்கோழி ரெக்கை ஒண்ணு பல இடத்துல இருக்கும், சாம்பல் கூட்டுறது, விறகு ஸ்டவ் மேல தூசி தட்டுறது, மாவு பிசையுற பலகைய துடைக்கிறது எல்லாம் அதுலதான், வெக்கைக்கு விசிறியும் அதான். காரணம் இருக்கு, இறகோட இழைங்க குட்டிக் கொக்கி மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கும், அதனால மெல்லிசா இருக்கிற சாம்பல், மாவக்கூட நடுவுல விடாம சேர்த்துத் தள்ளிடும், நுனி மெதுவா வளைஞ்சு மூலைக்குள்ளயும் போகும்.

அடித்தண்டுக்கும் மதிப்பு இருந்துச்சு. 1883ல மிச்சிகன் மாநிலம் த்ரீ ஓக்ஸ்ங்கிற ஊர்ல எட்வர்ட் வாரன்னு ஒரு கடைக்காரர், தூசி தட்டுற பிரஷ் செய்யுற ஃபேக்டரியில கழிச்சுப் போட்ட வான்கோழி இறகுத் தண்ட எடுத்து, பொம்பளைங்க உள்ளாடைக்கு விறைப்பு குடுக்க 'திமிங்கல எலும்பு'ன்னு சொல்ற, திமிங்கலத்தோட வாய்ல இருக்கிற சல்லடைத் தகடுக்கு பதிலா கொண்டு வந்தாரு, அதுக்குன்னு கம்பெனியே நடந்துச்சு.

இப்ப செய்முறை. மணிக்கட்டு மாதிரி இருக்கிற கடைசி மூட்டுல வெட்டுங்க, பெரிய இறகு பத்தும் அந்த முனையிலதான் இருக்கு, கறியும் அங்க ரொம்ப கம்மி, மிச்ச ரெக்கை கறிக்கே போகட்டும். வெட்டுன வாயில இருக்கிற சதைய கத்தியால சுரண்டிட்டு கல் உப்புப் பொடியோட வெங்காரம் (போராக்ஸ்) கலந்து நல்லா அப்பிடுங்க. பலகைல விசிறி மாதிரி விரிச்சு குண்டூசி குத்தி, நிழல்ல காத்தோட்டமா ரெண்டு மூணு வாரம் காயட்டும். வெயில்ல வைக்காதீங்க, பூனை நாய் எட்டாத இடமா பாருங்க. காய்ஞ்சதும் பாலித்தீன் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் போட்டா வண்டு, அந்துப்பூச்சி முட்டை செத்துரும், இத விட்டீங்கன்னா மொத்த இறகையும் பூச்சி தின்னுரும். பிடிக்கு துணி சுத்தி நூல் கட்டுனா போதும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், நோய்ல செத்த பறவையோட ரெக்கைய எடுக்கவே எடுக்காதீங்க, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைச்சிடுங்க. சாம்பலுக்கு வச்சத மாவுக்கு கொண்டு போகாதீங்க, தனித்தனியா வையுங்க.

தேனீப் பெட்டி வச்சிருக்கிறவங்க பக்கத்துல இருந்தா கேட்டுப் பாருங்க, பெட்டிக்குள்ள அடை கட்டுற மரச் சட்டத்துல இருக்கிற தேனீய நசுக்காம தள்ள பெரிய இறகு ரொம்ப நல்லா உதவும், முடி பிரஷ்ல தேனீ சிக்கிக்கிட்டு கோவப்படும், இறகுல அது கம்மி.

வேலி தாண்டுற பறவைக்கு ஒரு பக்க ரெக்கை இறகு மட்டும் வெட்டுவோம்ல, அதையும் சேர்த்து வையுங்க. ஆனா வளர்ற இறகுத் தண்டுல ரத்தம் ஓடும், கருநீலமா தெரிஞ்சா அத வெட்டாதீங்க. வில்வித்தைக்காரங்க அம்புக்கு இன்னமும் வான்கோழி இறகு ஒட்டுறாங்க, ஒரே அம்புல இடது வலது கலக்க மாட்டாங்க, வளைவு மாறும். அதனால வெட்டும்போதே இடது ஒரு கட்டு, வலது ஒரு கட்டுன்னு பிரிச்சு வச்சிருங்க.