பழைய கட்டடம்: வரைந்தவர் பெயருக்குக் கூடுதல் விலையா?

கேள்வி: டெக்சஸில் ஒரு சிற்றூரில் 1911இல் கட்டிய வங்கிக் கட்டடத்தை வாங்கி உணவகம் வைக்க நினைக்கிறேன். "ஜே. ரைலி கார்டன் வரைந்தது, வரிச்சலுகை தானாக வரும்" என்று புரோக்கர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கட்டடக்கலைஞர்களில் கார்டன் பெரிய ஆள்தான். வாக்ஸஹாச்சியில் 1897இல் முடிந்த எல்லிஸ் கவுண்டி நீதிமன்றத்தைப் போய்ப் பாருங்கள். ஏசி இல்லாத காலம். கட்டடத்தைச் சிலுவை வடிவில் வரைந்து, மூலைகளில் தாழ்வாரமும் நடுவில் மாடிப்படிக் கோபுரமும் வைத்தார். சூடான காற்று கோபுரம் வழியே மேலேற, தாழ்வாரத்து நிழற்காற்று உள்ளே வரும். ஆனால் 1902 வாக்கிலேயே அவர் நியூயார்க் போய்விட்டார். உங்கள் கட்டடமோ 1911. கணக்கு இடிக்கிறதே!

பெயரை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். கார்டனின் வரைபடங்கள் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கட்டடக்கலை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே கேளுங்கள். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருப்பதாக வாசலில் வெண்கலப் பலகை இருக்கிறது என்பார்கள், மயங்காதீர்கள். அந்தப் பதிவேட்டை நடத்தும் தேசியப் பூங்காத் துறை யாருக்கும் பலகை தருவதில்லை. காசு கொடுத்தால் வார்த்துத் தரக் கடைகள் உண்டு.

வரிச்சலுகைக்கும் வரைந்தவர் பெயருக்கும் முடிச்சே கிடையாது. கட்டடம் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்று, வருமானத்துக்குப் பயன்பட்டால், புதுப்பிக்கும் செலவில் மத்திய அரசு 20%, டெக்சஸ் 25% வரிக்கழிவு தருகின்றன. தானாக எதுவும் வராது. மத்திய சலுகைக்கு மூன்று பாக விண்ணப்பம். இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வரும்வரை ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். கோப்பு நகரும்வரை கடனுக்கு வட்டி ஓடும். சிறு முதலாளியைப் பற்றி இந்த முறையை வகுத்தவர்கள் நினைத்ததாகவே தெரியவில்லை. 1936க்கு முந்தைய கட்டடம் என்றாலே 10% வரிக்கழிவு என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். 2017 வரிச் சட்டத்தோடு அது ஒழிந்தது.

அப்புறம் ஒன்று. தேசியப் பதிவேட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, சொந்தப் பணத்தில் மாற்றம் செய்ய யாரும் தடை போட முடியாது. ஆனால் 'பதிவுபெற்ற டெக்சஸ் வரலாற்றுச் சின்னம்' என்பது மாநிலம் தரும் வேறு தகுதி. அந்தத் தகுதி இருந்தால், வெளித்தோற்றத்தை மாற்ற 60 நாள் முன்பே டெக்சஸ் வரலாற்று ஆணையத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஜன்னலை மாற்றினாலும் சரி, முகப்பை இடித்தாலும் சரி. கட்டடம் கைமாறினாலும் இந்தக் கடமை கூடவே வரும். ஆகவே அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதை, முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். புரோக்கரின் வாய்வார்த்தை போதாது.