கௌசிகா: ஆறா, பள்ளமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நொய்யல் பற்றி எழுதியபோது கௌசிகா நதி என்று ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கோவைக்குப் பக்கத்தில் கோவில்பாளையம். எங்கள் வீட்டில் யாரும் அதை நதி என்று சொல்லிக் கேட்டதில்லை, பள்ளம்தான். நான் பார்த்தவரை அதில் சீமைக்கருவேல முள்ளும் கட்டட இடிசலும்தான் கிடக்கின்றன. நிஜமாகவே அது ஆறாக இருந்ததா, பிற்காலத்தில் ஏற்றிச் சொல்கிறார்களா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் வீட்டில் சொல்வதுதான் சரி. கொங்கில் ஓடைக்குப் பள்ளம் என்றே பெயர், அதில் குறைவு ஒன்றுமில்லை. குருடிமலையில் விழும் மழை கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போல நடந்து வஞ்சிப்பாளையம் பக்கம் நொய்யலில் சேர்கிறது. அது வருடம் முழுக்க ஓடியிருக்க வழியில்லை. மலையின் மழைமறைவுப் பக்கம் அது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கேயே கொட்டித் தீர்த்துவிடும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் கணக்கு.

ஆனால் ஓடிய நாட்களை எண்ணிப் பள்ளத்தை எடைபோடக் கூடாது. நாலு நாள் தண்ணீர் வந்தால் போதும், வழியிலுள்ள குளம் குட்டைகளில் ஏறிக்கொள்ளும், அப்புறம் மெல்ல இறங்கிக் கிணறுகளுக்குப் போகும். நொய்யலுக்குக் கிடைப்பது மிச்சம். உங்கள் ஊரின் இன்னொரு பெயரே சர்க்கார் சாமக்குளம் அல்லவா?

கரை அறுந்த இடமாகப் பார்த்து ஒருநாள் குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஒரு சாண் வண்டல், அதன் கீழே பருமணல், மணலுக்குள் முனை மழுங்கிய கற்கள் என்று அடுக்கு தெரிந்தால் விஷயம் முடிந்தது. வண்டல் நின்ற தண்ணீர் விட்டுப்போனது, மணல் ஓடிய தண்ணீர் விட்டுப்போனது. கல்லை உருட்டி மழுக்க நல்ல வேகம் வேண்டும்.

கௌசிகா என்பது விசுவாமித்திரர் வழி வந்த புராணப் பெயர். உங்கள் ஊர் காலகாலேஸ்வரரை எமன் மணலும் நுரையும் சேர்த்து லிங்கமாகப் பிடித்தான் என்கிறது தலபுராணம். காய்ந்த பள்ளத்தில் முதல் வெள்ளம் நுரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவர் யாரோ கட்டிய கதை என்றே எனக்குத் தோன்றும். வரலாறு ஆகாதுதான், ஆனால் கட்டியவருக்குப் பள்ளம் தெரிந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்த அத்திக்கடவு-அவினாசித் திட்டம் பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவருகிறது. சந்தோஷம். ஆனால் குழாய்நீர் குளத்தோடு சரி. இடையில் இருக்கும் மைல்கணக்கான மணலை நனைக்கப் பள்ளத்தில் தண்ணீர் வந்தாக வேண்டும்.

இந்தக் கார்த்திகையில் பெருமழை பெய்தால் பாலத்தில் போய் நின்று, தண்ணீர் எந்த இடத்தில் இடிசலில் முட்டித் திரும்புகிறது என்று பார்த்து எழுதுங்கள்.