மேகம், எஞ்சின், எரிபொருள்: தனியார் விமானிகளின் கேள்விகள்

கேள்வி: நான் உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது, 90 மணி நேரம் பறந்திருக்கிறேன். அண்மையில் ஒரு பயணத்தில் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. போய்ச்சேர இன்னும் 15 நிமிடம்தானே என்று தொடர்ந்தேன். சில நொடிகள் வெளியே எதுவுமே தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்துவிட்டேன். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி எனக்குச் சிறிதளவு உண்டு. அது போதாதா?

பதில்: போதாது. நீங்கள் தப்பித்ததில் உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் அதை உங்கள் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி ஏறக்குறைய இல்லாத 20 விமானிகளை, வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவைத்தார்கள். அந்த ஆய்வு 1954-இல் வெளியானது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை.

இதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சிறிது நேரத்தில் அந்த அசைவோடு ஒத்துப்போய்விடுகிறது. நேராகப் பறக்கிறோம் என்றே உடல் நம்புகிறது. அந்நிலையில் இறக்கைகளைச் சமப்படுத்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். உடனே கை பழைய சாய்வுக்கே திரும்பிவிடும். மூக்கு தாழும், வேகம் ஏறும், விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுப்பார். சாய்வு நீங்காமல் இழுப்பதால் சுழல் இன்னும் இறுகும். முதலில் எஞ்சின் விசையைக் குறைத்து, கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமப்படுத்தி, அதன் பிறகுதான் மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும்.

அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 இரவில், கடல்மேல், புகைமூட்டத்தில் தம் சிறு விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். உடன் சென்ற மனைவியும் மனைவியின் சகோதரியும் அவரோடு இறந்தனர். திசையுணர்வுக் குழப்பமே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அவரும் கருவிப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடித்திருக்கவில்லை.

இல்லினாய் ஆய்வில் பலரும் எடுத்துச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அதே விமானிகளுக்கு, கருவிகளைப் பார்த்துப் பதற்றமின்றி வந்த வழியே திரும்பும் முறையைக் கற்பித்தபின், ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால், எதிர்த்திசைக்கு வர 60 நொடி போதும். ஒரு பயிற்றுநரோடு அமர்ந்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த உயரத்துக்குக் கீழே மேகம் உங்களைத் தள்ளினால் திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதி முழங்காலில் கட்டிக்கொள்ளுங்கள். வானில் இருக்கும்போது “இன்னும் 15 நிமிடம்தானே” என்ற எண்ணத்தோடு வாதாடி வெல்வது கடினம்.

கேள்வி: மேலெழுந்த சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பலாமா?

பதில்: குறைந்த உயரத்தில் என்றால், வேண்டாம். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். பிறகு நேர் முன்னேயோ, இடமோ வலமோ சற்றே விலகியோ, கிடைக்கும் திறந்த வெளியில் இறங்குங்கள். திரும்புவது என்றால் 180 பாகை மட்டும் அல்ல. ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வர அதற்கும் மேலே திரும்ப வேண்டும். சீக்கிரம் திரும்பும் ஆசையில் சாய்வைக் கூட்டுவோம். உயரம் குறையாமல் 45 பாகை சாய்வில் திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், ஏறக்குறைய 19 விழுக்காடும், 60 பாகையில் 41 விழுக்காடும் கூடிவிடும். தரைக்கு அருகே ஸ்டால் ஆனால் மீள்வதற்கு உயரம் இருக்காது. விமானம் நொறுங்கினாலும், கட்டுப்பாட்டோடு தரையைத் தொட்டவர்கள் பிழைத்த நிகழ்வுகள் பல.

கேள்வி: நீர் கலந்திருக்கிறதா என்று எரிபொருள் மாதிரியை ஒவ்வொரு முறையும் வடித்துப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: ஒவ்வொரு முறையும். நான் பயிற்சி அளித்துக்கொண்டிருந்த காலத்தில், இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில், மாணவர் ஒருவர் கண்ணாடிக் குவளையில் மாதிரி வடித்துக் கொண்டுவந்து, “சுத்தமாக இருக்கிறது சார், ஒரு துளி நீரும் இல்லை” என்றார். அவர் சொன்னதுபோலவே குவளைக்குள் தனியாக நீர்த்துளியும் தெரியவில்லை, நீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடும் இல்லை. ஆனால் நாங்கள் பயன்படுத்திய விமானப் பெட்ரோல் 100எல்எல். அது இள நீல நிறம். குவளையில் இருந்ததோ நிறமே இல்லை. வெள்ளைத் தாளின்முன் பிடித்துக் காட்டியபோதுதான் அவருக்குப் புரிந்தது: குவளை முழுவதும் தண்ணீர். இறக்கையின் மேலிருந்த எரிபொருள் மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது; மழைநீர் அதன் வழியே இறங்கியிருந்தது. நீல நிறம் வரும்வரை அன்று ஆறு குவளை வடித்தோம்.