நாலு தூண் லிஃப்ட்: முதலில் போர்டிகோவை அளந்து பாருங்கள்

காரைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டை வீட்டில் வைப்பது பற்றிக் கொஞ்ச நாளாகவே கடிதங்கள் வருகின்றன. எல்லோருக்கும் பயன்படக்கூடியவை என்று தோன்றிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், சாய்பாபா காலனியில் சொந்த வீடு. தினசரி ஓட்ட இன்னோவா கிரிஸ்டா இருக்கிறது. அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியை விற்க மனசில்லை, ஆனால் அது தெருவில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. போர்டிகோ உயரம் 11 அடி. நாலு தூண் லிஃப்ட் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தலாம் என்று பார்க்கிறேன். 3 டன் வாங்குவதா, 4 டன் வாங்குவதா? — கோவை வாசகர்

லிஃப்ட் எத்தனை டன் தூக்க வேண்டும் என்பதை அப்புறம் பார்ப்போம். உங்களுக்கு இடிக்கப்போவது உயரம்தான்.

கிரிஸ்டாவின் உயரம் 1795 மி.மீ., பத்மினி 1468. கூட்டினால் 3263. இரண்டுக்கும் நடுவே மேல் காரின் சக்கரங்கள் நிற்கிற இரும்புத் தடம் இருக்கிறதே, அதன் கனம் 120 முதல் 150 மி.மீ. வரை வரும். ஆக 3380 தாண்டிவிட்டது. 11 அடி என்பது 3353 மி.மீ. தான். எந்தக் காரை மேலே ஏற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது. அதோடு லிஃப்டை நினைத்த உயரத்தில் நிறுத்தவும் முடியாது. தூணுக்குள் இருக்கிற, லிஃப்டைத் தாங்கி நிறுத்துகிற லாக் பற்கள் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் இருக்கும், அதில் ஏதாவது ஒன்றில்தான் உட்கார வைக்க வேண்டும். மேலேயும் கீழேயும் சேர்த்து ஒரு 200 மி.மீ. விட்டால்தான் நிம்மதி. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 12 அடி வேண்டும், அதுவும் பீமின் அடியிலிருந்து தரை வரை. நீங்கள் சொல்கிற 11 அடி மேல்தளத்தின் அடிவரை அளந்ததா, பீமின் அடிவரையா என்று ஒருமுறை டேப் வைத்துப் பாருங்கள், மேல்தளம் வரை அளந்தது என்றால் பீம் வரை இன்னும் குறையும். ஃபேன், டியூப் லைட், காரின் மேல் இருக்கிற கேரியர், ஆன்டெனா எல்லாம் இதில் சேர்த்தி.

தரையைத் தோண்டி இறக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தெருவை விடத் தாழ்வான போர்டிகோவில் முதல் மழைக்கே தண்ணீர் நிற்கும். வீட்டுப் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு 10 அடி அகலமும் 20 அடி நீளமும் இருந்து, அங்கே 13 அடி உயரத்தில் ஷீட் போட முடிந்தால் அதுதான் உங்களுக்குச் சரியான வழி. லிஃப்டின் அகலம் மட்டும் இரண்டரை மீட்டருக்கு மேல் வரும், கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும். ஏறுகிற சரிவுப் பலகையோடு நீளம் 5 மீட்டருக்கு மேல் போகும்.

இதை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பாதி வீடுகளில் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப், போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும். சில வீடுகளில் செப்டிக் டேங்கும் அங்கேதான். அந்த மூடுதளத்தின் மேல் கார் தினமும் நிற்கிறதே என்று நினைக்காதீர்கள். லிஃப்டின் சொந்த எடையே முக்கால் டன் வாக்கில் இருக்கும், மேலே 1.8 டன் கிரிஸ்டாவை ஏற்றினால் மொத்தம் இரண்டரை டன்னுக்கு மேல், அது நாலு தூணின் அடித்தகடு வழியாக, ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி வாக்கில் இருக்கிற இடத்தில், தரையில் இறங்கும், அதுவும் இன்ஜின் பக்கத் தூண்களில் கூடுதலாக. எந்தத் தூணும் சம்ப் மேல் வரக் கூடாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பது குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள நல்ல கான்கிரீட் தளம். புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் எம்25 தரத்தில் 6 அங்குலம் போட்டுவிடுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் வராது. பார்க்கிங் டைல்ஸ், பேவர் பிளாக் இவற்றின் மேல் தூணை நிறுத்தவே கூடாது. அடித்தகடு வருகிற இடத்தில் டைல்ஸை வெட்டி எடுத்துவிட்டுக் தூணைத் தரையோடு பிணைக்கிற ஆங்கர் போல்ட்டைக் கான்கிரீட்டில் இறக்குங்கள். தண்ணீர் ஓட கேட் பக்கம் மேஸ்திரி வாட்டம் கொடுத்திருப்பார், அதனால் நாலு தூணும் ஒரே மட்டத்தில் நிற்காது. டியூப் லெவல் பிடித்து, தாழ்ந்த பக்கம் இரும்பு ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைத்துச் சரிசெய்ய வேண்டும். லிஃப்ட் பொருத்த வருகிறவர் லெவல் பார்க்காமல் போல்ட் முறுக்க ஆரம்பித்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

இப்போது டன். ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பத்மினி ஒரு டன் கூட இல்லை. உங்கள் இரண்டு காருக்கும் 3 டன் தாராளம். 4 டன்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தை நல்ல லாக் அமைப்பிலும், சொட்டுத் தட்டிலும் போடுங்கள். சொட்டுத் தட்டு என்பது இரண்டு தடத்துக்கும் நடுவில் வைக்கிற அகலமான தட்டு. பழைய காரில் எங்காவது ஆயில் கசியாமல் இருக்காது, தட்டு இல்லாவிட்டால் அது நேராகக் கிரிஸ்டாவின் பானெட்டில்தான் விழும், பிரேக் ஆயிலாக இருந்தால் பெயின்ட்டையே உரித்துவிடும்.

இன்னொன்று, பத்மினி குறுகலான கார். இடது வலது டயர்களின் உள்பக்கத்துக்கு நடுவே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டு போய், லிஃப்டின் இரண்டு தடங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். அகலமான எஸ்.யு.வி.க்களை மனதில் வைத்துச் செய்த லிஃப்டில் பழைய காரின் டயர் தடத்தின் உள் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும். தடத்தை நகர்த்தி வைக்கிற வசதியுள்ள மாடல்கள் உண்டு, அதைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே சர்வீஸ் செய்கிற பழக்கம் உண்டு. இரண்டு தூண் நல்லதா, நாலு தூண் நல்லதா? — மதுரை வாசகர்

சர்வீஸ் மட்டும்தான் என்றால் இரண்டு தூண். நாலு சக்கரமும் தொங்கும், பிரேக், ஷாக், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கு வரும். ஆனால் அதன் பாரம் முழுவதும் இரண்டு தூணின் ஆங்கர் போல்ட்டை நம்பி நிற்கிறது, கான்கிரீட் சரியில்லாத இடத்தில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் காரின் அடியில் சரியான இடம் பார்த்து லிஃப்டின் இரும்புக் கைகளைப் பொருத்த வேண்டும். நாலு தூணில் காரை ஓட்டி ஏற்றினால் போதும், மாதக்கணக்கில் நிறுத்தினாலும் கார் தன் டயரில்தான் நிற்கிறது. ஆயில் மாற்ற, சைலன்சர் வேலை பார்க்க அதுவே போதும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு தடத்துக்கும் நடுவே நகர்கிற ஜாக்கி தனியாக வாங்க வேண்டும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். கார் மேலே இருக்கும்போது கரண்ட் போனால் விழுந்துவிடுமா? — திருநெல்வேலி வாசகர்

விழாது. ஆனால் இறக்கவும் முடியாமல் போகலாம், அதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை.

லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். பெரும்பாலான வீட்டு லிஃப்டில் ஒரு தடத்தின் அடியில் ஒரே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் படுத்திருக்கும். மோட்டார் ஆயிலை அழுத்த, சிலிண்டர் நாலு வயர் ரோப்பையும் இழுக்கும், அவை கப்பிகள் வழியாக நாலு மூலைக்கும் போய்த் தூணின் உச்சியில் மாட்டியிருக்கும். மேலே ஏறும்போது ஒவ்வொரு தூணிலும் டக், டக் என்று சத்தம் கேட்கும், அது லாக் ஒவ்வொரு பல்லையும் தாண்டுகிற சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விடக் கூடாது, அந்த நிலையில் காரைத் தாங்கிக்கொண்டிருப்பது ஆயிலும் ரோப்பும்தான். இறக்கும் லீவரைக் கொஞ்சம் அழுத்தி, நாலு மூலையும் லாக்கில் உட்காரும் வரை இறக்க வேண்டும். பிறகு சுற்றி வந்து நாலு தூணையும் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று ஒரு பல்லிலும் ஒன்று அடுத்த பல்லிலும் உட்கார்ந்திருந்தால் தடம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள், ஒரு ரோப் நீண்டிருக்கும், அதை இழுத்து அட்ஜஸ்ட் செய்யாமல் அடியில் யாரும் போகக் கூடாது. வீட்டில் வேலை செய்யும் பையனோ டிரைவரோ லிஃப்டை இயக்குகிறார் என்றால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி உங்கள் கேள்வி. லாக்கில் உட்கார்ந்த காரை இறக்க, முதலில் இரண்டு மூன்று அங்குலம் மேலே தூக்கினால்தான் லாக் விடுபடும். தூக்க மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். 2 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டைச் சாதாரண வீட்டு இன்வர்ட்டர் தாங்காது. அதனால் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பம்பு வசதியுள்ள மாடலாகக் கேளுங்கள். எப்படியும் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் எடுக்கிற கார் கீழே இருக்கட்டும். மேல் காரை இறக்கக் கீழ்க் காரை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், தெருவில் அதற்கு இடம் வேண்டும்.

லாக்கை விடுவிப்பதில் இரண்டு வகை உண்டு: கையால் இழுக்கும் லீவர், காற்றழுத்தத்தால் விடுபடுவது. காற்று வகைக்குக் கம்ப்ரசர் வேண்டும். வீட்டுக்கு லீவர் போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மோட்டார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானா என்று பெயர்த்தகட்டைப் படித்துப் பாருங்கள், அமெரிக்காவுக்கென்று செய்தது 60 ஹெர்ட்ஸாக இருக்கும்.

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒவ்வொரு மழைக்கும் காரைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கில் லிஃப்ட் வைக்கலாமா? — சென்னை வாசகர்

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு உங்கள் பயம் புரியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்கள் செய்தது சரிதான்.

ஸ்டில்ட் தளம் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு போல்ட் கூட இறக்காதீர்கள், அங்கேயும் அடியில் சம்ப் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே காரை வெள்ளத்துக்கு மேல் தூக்குவதுதான் நோக்கம் என்றால் 12 அடி தேவையில்லை. ஸ்விஃப்ட் மாதிரி 1530 மி.மீ. உயரக் காரை ஒரு மீட்டர் தூக்க, பீமுக்கு அடியில் 9 அடி இருந்தால் போதும். மோட்டார் பெட்டி தூணில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், போன வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே இருக்க வேண்டும். மின்வாரியம் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்துவதற்கு முன்பே காரைத் தூக்கி லாக்கில் உட்கார வைத்துவிட வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு ரோப், கப்பி, அடித்தகடு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கிரீஸ் போட்டு, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே இயக்குங்கள்.

கேள்வி: அண்ணா, மார்க்கம் (Markham) நகரில் இருக்கிறோம். கராஜ் சீலிங் 9 அடி. இரண்டு கார் அடுக்க முடியுமா? — கனடா வாசகர்

முடியாது, தம்பி. மிகத் தாழ்வான இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வைத்திருந்தால் ஒழிய 9 அடியில் அடங்காது. சீலிங் உயரமாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கராஜில் கதவு மேலே மடிந்து சீலிங்குக்கு அடியில் படுத்துக்கொள்ளும், அந்தக் கதவும் அதை இழுக்கும் மோட்டாரும்தான் முதலில் இடிக்கும். கதவுக்குச் சுவரோடு உயரப் போகிற தண்டவாளமும், பக்கவாட்டில் பொருத்துகிற மோட்டாரும் போட்டால் அந்த இடம் மிஞ்சும். லிஃப்டில் அமெரிக்காவின் ஏ.எல்.ஐ. (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பின் தங்க நிற முத்திரை இருக்கிறதா பாருங்கள், அந்த அமைப்பின் பட்டியலில் மாடல் எண்ணையும் சரிபாருங்கள். ஐரோப்பாவின் சீ.ஈ. (CE) முத்திரை போட்டு விற்பதானால் ஐரோப்பிய தரம் ஈ.என். 1493-க்கான சான்றிதழைக் கேளுங்கள். பனிக்காலத்தில் மேல் காரிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகும், சொட்டுத் தட்டு உங்களுக்குக் கட்டாயம்.

கேள்வி: மூடிவிட்ட ஒரு ஒர்க்ஷாப்பிலிருந்து பழைய நாலு தூண் லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? — சேலம் வாசகர்

முதலில் மோட்டார் த்ரீ ஃபேஸா என்று பாருங்கள், ஒர்க்ஷாப் லிஃப்ட் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் பவர் யூனிட்டையே மாற்ற வேண்டும். நீளமும் வீட்டு லிஃப்டை விட அதிகம், இடத்தை அளந்துகொண்டு போங்கள். அடுத்து ரோப். வெறும் கையால் தடவாதீர்கள். ஒரு பழைய பருத்தித் துணியை ரோப்பைச் சுற்றிப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. கப்பிக்குள் மறைந்திருக்கும் பகுதியையும், கோடியில் மரை போட்ட இடத்தையும் லைட் அடித்துப் பாருங்கள், துரு உள்ளே இருந்துதான் தின்னும். தூண் அடியில் வெல்டிங் ஒட்டுப்போட்டிருந்தால் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

மற்றபடி சரியாக இருந்தாலும் நாலு ரோப்பையும் புதிதாக மாற்றுகிற செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். தயாரிப்பாளர் இன்னும் இருக்கிறாரா, அதே அளவு ரோப்பும் லாக்கும் கிடைக்குமா என்று போனில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.