கடல் குமட்டலும் மலை ஓட்டமும்: ஸ்காட்லாந்து பந்தயத்துக்குச் சென்னையில் தயாராவது

ஈசிஆரில் மட்டுமே ஓடிப் பழகிய உங்களை ஸ்காட்டிஷ் ஐலண்ட்ஸ் பீக்ஸ் ரேஸ் அணியில் ஓட்டக்காரராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் படகில் ஏறினாலே குமட்டுகிறது, சரிதானே?

மலையை விட அந்தக் குமட்டல்தான் பெரிய சிக்கல். ஓபன் என்ற ஊரிலிருந்து ட்ரூன் என்ற ஊர் வரை பாய்மரப் படகு, நடுவில் மல், ஜுரா, அரான் தீவுகளில் இறங்கி மலையேறி ஓட வேண்டும். படகில் சாப்பிட்டது வெளியே வந்துவிட்டால் மல் தீவின் 966 மீட்டர் பென் மோர் மலையில் கால் நகராது. அவோமின் மாதிரி குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, தூக்கம் வருகிறதா என்று இங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். காசிமேட்டில் தெரிந்தவர் படகு இருந்தால் கெஞ்சியாவது ஏறி, இறங்கியதும் ஓடுங்கள், தள்ளாட்டம் பழகும்.

பரங்கிமலைப் படிகள் போதாது. வார இறுதியில் ஏலகிரி, பர்வதமலை என்று போய், ஏறுவதை விட இறங்குவதைப் பழகுங்கள், ஏனென்றால் ஜுராவின் மூன்று சிகரங்களிலும் சரளைக்கல் சரிவில்தான் தொடை கழன்றுவிடும்.

அப்புறம், காற்று நின்றால் எஞ்சின் போட முடியாது, துடுப்புதான். ஓட்டக்காரர் தூங்கட்டும் என்று சில அணிகள் விடாது, துடுப்புப் போடச் சொல்லலாம், அதை இப்போதே கேப்டனிடம் பேசிவிடுங்கள்.