கேள்வி-பதில்: அடுத்த பாகத்துக்கு முன்பணம் கட்டலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடியோ கேம் பற்றியவை. அதிலும் 'கால் ஆஃப் டூட்டி', 'பேட்டில்ஃபீல்டு' என்று வருஷக்கணக்கில் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் துப்பாக்கிச் சண்டை கேம்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அடுத்த பாகத்தை ப்ரீ-ஆர்டர் செய்தால் ஒரு ஸ்கின் (கேமில் ஆளுக்கோ துப்பாக்கிக்கோ மாட்டும் புதுத் தோற்றம்) இலவசம் என்கிறார்கள். செய்யலாமா?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

ப: வேண்டாம். டவுன்லோட் செய்யும் சரக்கு தீர்ந்துபோகாது.

கே: 2007-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' காலத்திலிருந்து இந்தத் தொடரை விடாமல் வாங்குகிறேன். இப்போது வரும் பாகங்களில் மனசு ஒட்டவில்லை. அடுத்ததில் என்னதான் வேண்டும்? புதுத் துப்பாக்கியா, பெரிய மேப்பா, நல்ல கதையா?
தனியார் நிறுவன ஊழியர், மஞ்சக்குப்பம்

ப: துப்பாக்கியும் மேப்பும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு முதலில் வேண்டியது இதுதான். காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதைப் பகுதி ஓட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் கரன்ட் வந்த பிறகும் பிராட்பேண்ட் வரவில்லை. அறுந்த கேபிள் கம்பத்தடித் தண்ணீரில் சுருண்டு கிடந்தது. என் அண்ணன் மகன் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புது டிஸ்க்கைப் போட்டான். எதிராளி யாரும் தேவையில்லாத, தனியாக விளையாடும் கதைப் பகுதி. சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்ததோடு சரி. பரணிலிருந்து பழைய பிஎஸ் 3 கன்சோலை (டிவியில் மாட்டும் பிளேஸ்டேஷன் கேம் பெட்டி) இறக்கித் துடைத்து, நீங்கள் சொன்ன அதே 2007 டிஸ்க்கைப் போட்டோம். ஓடியது. பதினேழு வருஷத்துச் சரக்கு ஓடுகிறது, அந்த வருஷத்துச் சரக்கு ஓடவில்லை. இதைத் தரக்குறைவு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கோளாறு இல்லை. தொழிலே இப்படித்தான் போகிறது. இதே 'கால் ஆஃப் டூட்டி' தொடரில் 2022-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' பிஎஸ் 5 டிஸ்க்கில் இருந்தது 100 எம்.பி.கூடத் தேறாது. மிச்சமெல்லாம் டவுன்லோட். அதே தொடரில் 2025 நவம்பரில் வந்த 'பிளாக் ஆப்ஸ் 7'-ல் கதைப் பகுதிக்கே எந்நேரமும் நெட் வேண்டும். தனியாக விளையாடினாலும் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைத் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தால் எழுந்து போய் வாங்கக்கூடக் கூடாதா? அவன் என்ன போட்டிக்கா உட்கார்ந்திருக்கிறான்?

இரண்டாவது, ஒரே டிவியில் இரண்டு பேர் விளையாடும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன். 2001-ல் வந்த முதல் 'ஹேலோ' என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் பெரிய ஈர்ப்பே அதுதான். 2015-ல் 'ஹேலோ 5' அதைத் தூக்கியது. 'ஹேலோ இன்ஃபினிட்' கதைப் பகுதிக்குத் திரும்பக் கொடுப்பதாகச் சொல்லி, 2022-ல் கைவிட்டார்கள். நம் வீடுகளில் ஒரு டிவி, ஒரு கன்சோல், அண்ணன் தம்பி இருவர். அண்ணன் விளையாட, தம்பி பக்கத்தில் வெறும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பிக்காக இன்னொரு கன்சோல், இன்னொரு டிஸ்க், இன்னொரு சந்தா வாங்கச் சொல்வது நியாயமில்லை. 'கால் ஆஃப் டூட்டி' கன்சோலில் ஆன்லைன் சண்டைக்காவது இதை இன்னும் வைத்திருக்கிறது. அந்த மட்டும் அவர்களுக்கு நன்றி.

வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டால் இவர்கள் கேட்பார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. 2021-ல் 'பேட்டில்ஃபீல்டு 2042' வந்தபோது கதைப் பகுதி இல்லை, பேசுவதற்கு வாய்ஸ் சாட் இல்லை, யார் எத்தனை வீழ்த்தினார்கள் என்று பார்க்க ஒழுங்கான ஸ்கோர்போர்டுகூட இல்லை. தொடரின் முதுகெலும்பான வகுப்புகளையும் (ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வேலை என்ற பிரிவுகள்) எடுத்துவிட்டு 'ஸ்பெஷலிஸ்ட்' என்று யாரையோ கொண்டுவந்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2023-ல் வகுப்புகள் திரும்பின. 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்டு 6' கதைப் பகுதியோடு வந்தது. 'பிளாக் ஆப்ஸ் 7' பட்ட அடிக்குப் பிறகு, ஒரே கிளைத்தொடரை அடுத்தடுத்த வருஷம் விடமாட்டோம் என்று 'கால் ஆஃப் டூட்டி'யை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனமும் அறிவித்தது. நல்லது. வருஷம் தவறாமல் வர வேண்டும் என்று யார் அழுதார்கள்?

அதனால் அடுத்த பாகத்தின் அட்டையில் நான் தேடப்போவது இது: கதை முழுக்க டிஸ்க்கிலேயே இருக்கிறதா, நெட் இல்லாமல் திறக்குமா, ஸ்ப்ளிட் ஸ்கிரீன் உண்டா, சர்வரை எந்த வருஷம் வரை நடத்துவார்கள். கடைசியாகச் சொன்னதை எவரும் அச்சடிப்பதில்லை. மருந்துக்கு எக்ஸ்பைரி தேதி போடலாம், இதற்கு ஏன் கூடாது? கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் கடையில் 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விற்ற கேமைப் பிறகு சாகடிக்காதே என்று ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இங்கேயும் அந்த மாதிரி ஒரு விதி வேண்டும். வரும்வரை, விமர்சனம் வந்து ஒரு மாதம் ஆகட்டும், பிறகு பர்ஸைத் திறங்கள்.

கே: லேப்டாப்பில் 512 ஜிபி. கேமை வாங்கிய பிறகுதான் இடம் போதாது என்று தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், நெய்வேலி

ப: எவ்வளவு இடம் வேண்டும் என்று கடைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. படிக்காமல் பணம் கட்டிவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திருப்பித் தருவார்கள், இன்றே கேளுங்கள். 2019-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' அப்டேட் மேல் அப்டேட் வந்து 200 ஜிபியைத் தாண்டியது. 'பேட்டில்ஃபீல்டு 6'-க்கு கம்ப்யூட்டரில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்திருக்க வேண்டும். அடுத்த முறை இதையெல்லாம் முதலில் பாருங்கள்.

கே: டெலிகிராமில் 600 ரூபாய்க்கு கேம் அக்கவுண்ட் வாங்கினேன். பத்தே நாளில் பாஸ்வேர்டு மாறிவிட்டது. விற்றவர் பிளாக் செய்துவிட்டார்.
பெயர் வேண்டாம், ரெட்டியார்பாளையம்

ப: வேறொருவர் வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து உங்களிடம் விற்றிருக்கிறார்கள். பூட்டு மாறிவிட்டது. பணம் போனதற்கு சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள். அக்கவுண்ட்டைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழி கிடையாது.

கே: மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தான். சீட்டுப் பணத்தில், புதுச்சேரியில் ஒரு கடையில் கன்சோலும் கேமும் வாங்கிக் கொடுத்தேன். புதுசு என்றுதான் கொடுத்தார்கள். வீட்டில் திறந்தால் உள்ளே வேறு யாருடைய பெயரிலோ அக்கவுண்ட் இருக்கிறது. கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் நடக்கிறான். கடையில் கேட்டால், விற்ற பொருள் திரும்ப வாங்க மாட்டோம் என்று சீட்டிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார்கள். பில்லும் இல்லை, எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். மகன் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியில் திரும்ப மடித்து வைத்துவிட்டான்.
தையல் தொழில் செய்யும் அம்மா, நெல்லிக்குப்பம்

ப: அம்மா, உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை. பழைய சாமானைப் புதுசென்று விற்றது ஏமாற்று. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்குதான். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. சீட்டின் அடியில் அவர்கள் அச்சடித்த வாசகம் சட்டத்தை மாற்றிவிடாது.

முதலில் அந்த அக்கவுண்ட் பெயர் தெரியும்படி திரையைப் போட்டோ எடுங்கள். ஆள் தானாக நடப்பதை வீடியோ எடுங்கள், மேஜையில் கிடக்கும் கன்ட்ரோலரும் அதே காட்சியில் தெரியட்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் கன்சோலின் பின்னால் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த நம்பரைக் கொடுத்து வாரன்ட்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு முந்தியதாக இருந்தால் கடைக்காரர் வாயைத் திறக்க முடியாது. ஜிபே செய்திருந்தால் அந்த மெசேஜே பணம் கொடுத்ததற்குச் சாட்சி. பிறகு கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். 15 நாள் கெடு கொடுத்து, பணத்தைக் கேளுங்கள். 'மாற்றித் தருகிறோம்' என்றால் இன்னொரு பழசு வரும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடலூரே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருந்தாலும் ஆறப்போடாதீர்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் சீட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். நீங்கள் தைத்துச் சேர்த்த பணம் அது.

கே: காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
வாசகர், முதலியார்பேட்டை

ப: தாராளமாக. ஆனால் அங்கேயே பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை, வட்டமாக ஓடும் ஆழக் கீறல் ஆகாது. நான் ஒருமுறை வேறொரு இடத்தில் சீல் பிரிக்காத பெட்டி என்று நம்பி வாங்கியதில் டிஸ்க்கே இல்லை. டவுன்லோட் கோடு எழுதிய சீட்டு, அதுவும் யாரோ பயன்படுத்தி முடித்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்று, எந்தச் சர்வர் மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிஎஸ் 3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த 'பேட்டில்ஃபீல்டு 3', 'பேட்டில்ஃபீல்டு 4' இரண்டின் ஆன்லைனையும் 2024 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். கதைப் பகுதிக்காக என்றால் வாங்குங்கள், அது ஓடும்.

கே: ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் என் போனிலிருந்து ஸ்கின் வாங்கி 8,000 ரூபாய் காலி. கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
வாசகர், பண்ருட்டி

ப: யுபிஐ பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? முதலில் அதை மாற்றுங்கள். பிறகு ஆப் ஸ்டோரில், சிறுவன் அனுமதியில்லாமல் வாங்கினான் என்று சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். சீக்கிரம் கேட்டால் சில சமயம் கிடைக்கும். 'கால் ஆஃப் டூட்டி' வரிசையின் பெரும்பாலான பாகங்கள் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் குறிக்கப்பட்டவை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாம்.

கே: பழைய பாகத்தையே மெருகேற்றி மறுபடி விற்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: தனியாக விற்கும்போது வாங்குங்கள். 'மாடர்ன் வார்ஃபேர் ரீமாஸ்டர்ட்' 2016-ல் வந்தபோது, வேறொரு கேமின் விலை கூடிய பதிப்போடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே தனியாக விற்பனைக்கு வந்தது.