சால்மன் மீனை வீட்டில் ஊறவைத்து கிரில் செய்வது எப்படி? கம்பியில் ஒட்டிப் பிய்ந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஊறவைக்கும் நேரத்தைக் குறையுங்கள். இறைச்சிக்குச் செய்வதுபோல் சால்மனை இரவு முழுக்க ஊறவைக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட இடத்தில் புரதம் உருமாறி, அடுப்பில் ஏறும் முன்பே சதை வெளிறி மாவு மாதிரி ஆகிவிடும். புளிப்பு சேர்த்தால் 20 நிமிடம், மிஞ்சினால் 30. புளிப்பில்லாத சோயா சாஸ் கலவை என்றால் ஒரு மணி நேரம் வரை விடலாம். பூண்டு, மிளகின் மணம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். உள்ளே நன்றாக இறங்குவது உப்புதான், அதற்கு இந்த நேரம் போதும்.

தோலோடு இருக்கிற, 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள 150 கிராம் துண்டுகள் நான்குக்கான அளவு இது: சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, துருவிய பூண்டு 3 பல், துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. தனி உப்பு வேண்டாம். சோயா சாஸ் பிடிக்காதவர்கள் அதற்குப் பதில் 1 தேக்கரண்டி தூள் உப்பும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்க்கலாம்; சாற்றைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும். தேனைக் கலவையில் ஊற்றாதீர்கள். சர்க்கரை மீன் வேகும் முன்பே கருகிக் கசக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் மேலே தடவினால் பளபளப்பும் வரும், கருகாது. ஊறுவது எப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். மேலே ஊற்றக் கொஞ்சம் வேண்டுமென்றால் மீனைப் போடும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். பச்சை மீன் ஊறிய கலவையை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

ஊறவைக்கும் முன் சதையின் நடுப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். நெருடும் சிறு முட்களை இடுக்கியால், அவை சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வரும்.

இனி ஒட்டுவது பற்றி. காரணம் பெரும்பாலும் மூன்று: ஈரமான மீன், சூடு போதாத கம்பி, அவசரம். ஊறிய துண்டை எடுத்ததும் காகிதத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். மசாலா போய்விடுமே என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஈரம் இருந்தால் மீன் வறுபடாமல் ஆவியில் வேகும், தோலும் மொறுமொறுப்பாகாது. பிறகு மீனின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கிரில்லை மூடி 10 முதல் 15 நிமிடம் சூடாக்கி, 220 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எண்ணெய் நனைத்த துணியை இடுக்கியில் பிடித்துத் துடையுங்கள்.

தோல் கீழே இருக்கும்படி வைத்து மூடுங்கள். 6 முதல் 8 நிமிடம் தொடவே வேண்டாம். தோல் நன்றாக வறுபட்டதும் தானாகவே கம்பியை விடும். தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். மெல்லிய தட்டைக் கரண்டியால் ஒரே முறை திருப்பி, மறுபக்கம் 1 அல்லது 2 நிமிடம். திருப்பத் தயக்கமாக இருந்தால் திருப்பாமலேயே மூடி வைத்து முடிக்கலாம், அதுவும் நல்ல முறைதான். கரியடுப்பு என்றால் தணலை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்; கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் மீனைச் சூடு குறைந்த பக்கத்துக்கு நகர்த்த இடம் வேண்டும்.

நிமிடக் கணக்கைவிட வெப்பமானியை நம்புங்கள். தடித்த இடத்தின் நடுவில் 52 டிகிரியில் எடுத்து 3 நிமிடம் ஆறவிட்டால் சூடு இன்னும் சற்று ஏறி, சதை ஈரமாக, இதழ் இதழாகப் பிரியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கும் அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63 வரை வேகவிட்டே ஆக வேண்டும்.

மேலே வெள்ளையாகக் கசிவது கெட்டுப்போன அறிகுறி இல்லை, உறைந்த புரதம். அது நிறைய வந்தால் சூடு அதிகம் அல்லது நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கடலில் பிடித்த சாக்கை (sockeye) என்ற சால்மன் போன்ற வகைகளில் கொழுப்பு குறைவு; பண்ணை சால்மனைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். அவற்றை 2 நிமிடம் முன்னதாகவே சோதிக்கத் தொடங்குங்கள்.